லாரி ஏறுன அன்னிக்கு 210 நாள் செனை

செனை மாட்ட கறிக்கு அறுக்கலாமான்னு கேட்டா "ச்சீ, யாராச்சும் அத பண்ணுவாங்களா"ன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. பண்றாங்க. காது வில்லை, கம்ப்யூட்டர் ரெஜிஸ்டர், டாக்டர் சர்டிஃபிகேட்னு எல்லாம் பக்காவா இருக்குற ஐரோப்பாலயே நடக்குது, அதுவும் பெரும்பாலும் யாரும் கெட்ட எண்ணத்துல பண்றதில்ல, அதுதான் எனக்கு ரொம்ப உறுத்துச்சு. ஜெர்மனி 2017-ல இதுக்குன்னே ஒரு தடைச்சட்டம் கொண்டு வந்துச்சு. அந்தச் சட்டத்த ஒரு பக்கம் வச்சு, ஒரு கறவை மாட்டோட நாள்கணக்க இன்னொரு பக்கம் வச்சு, தப்பு எந்த நாள்ல நடக்குதுன்னு தேடிப் பாக்கப் போறேன். மாடு நான் கணக்குக்காக உண்டாக்குனது, முதல்லயே சொல்லிடறேன். ஆனா அதுக்கு நடக்குறது எல்லாம் எந்தப் பெரிய பால் பண்ணையிலயும் சாதாரணமா நடக்குறதுதான்.

மாட்டோட நாள்கணக்கு

மூணாவது ஈத்து. கன்னு போட்ட நாள பூஜ்யம்னு வச்சுக்குவோம். பால் பண்ணையில கன்னு போட்டு ரெண்டு மாசம் தாண்டுனதும் திரும்ப சினை ஊசி போட ஆரம்பிச்சிருவாங்க, ஏன்னா வருஷத்துக்கு ஒரு கன்னுங்கற கணக்குல ஓட்டினாத்தான் பால் வரத்து விடாம இருக்கும். நம்ம மாட்டுக்கு 80-வது நாள் போட்ட ஊசியில செனை நின்னுருச்சு. 125-வது நாள் டாக்டர் வர்றாரு, தோள் வரைக்கும் வர்ற பிளாஸ்டிக் கையுறைய மாட்டிக்கிட்டு, மலக்குடல் வழியா கைய விட்டு கருப்பைய தடவிப் பாக்குறாரு. கருப்பைக்கு ரெண்டு கிளை, கொம்புன்னு சொல்வாங்க, அதுல ஒண்ணு இன்னொன்ன விட தடிச்சு, தண்ணி ரொப்புன பலூன் மாதிரி விரலுக்கு அடியில வழுக்குது. "செனை"ன்னு சொல்லிட்டு அடுத்த மாட்டுக்குப் போயிடறாரு, கூட நிக்கிற ஆள் ரெஜிஸ்டர்ல ஒரு டிக் போடுறான். மொத்தமா ரெண்டு நிமிஷம்.

160-வது நாள் மடிநோய். மருந்து போட்டு சரியாச்சு. 215-ல அதே காம்புல திரும்பவும் வந்துச்சு. 260-ல பின்னங்கால் நொண்டுது. இந்த நேரத்துல பாலும் இறங்கிக்கிட்டே வருது. பால் ஏன் இறங்குதுன்னா கறவை நாள் ஆக ஆக எப்படியும் இறங்கும், அதுக்கு மேல வயித்துல கன்னு வளர வளர இன்னும் இறங்கும். ஆனா பண்ணைக்காரர் பாக்குற ஷீட்ல அந்தக் காரணம் எதுவும் இருக்காது, "லிட்டர் கம்மி, மடிநோய் ரெண்டு தடவ, நொண்டி"ன்னு மட்டும்தான் இருக்கும், அந்த ஷீட்ட வச்சுப் பாத்தா இத கழிச்சு அடிமாடா அனுப்புறதுதான் சரியான முடிவுன்னு யாருக்கும் தோணும். 290-வது நாள் லாரி வருது. அன்னிக்கு அது 210 நாள் செனை.

இங்க ஒரு விஷயத்த கவனிங்க. மாட்டுக்கு செனைக்காலம் சராசரியா 280 நாள். கன்னு போடுறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி பால் கறக்குறத நிறுத்தி மாட்ட வத்த விடுவாங்க, அதாவது 220-வது செனை நாள் வாக்குல. செனையோட கடைசி மூணுல ஒரு பங்கு, பின்னாடி ஜெர்மன் சட்டம் கோடு போட்ட இடம், 187-வது நாள்லயே ஆரம்பிச்சிருது. அப்போ "இந்த மாடு இனிமே தேறாது, கறந்த வரைக்கும் போதும்"னு பண்ணைக்காரர் முடிவெடுக்குற நேரமும் செனை முத்துற நேரமும் ஒண்ணு மேல ஒண்ணு விழுது. இது தற்செயல் கிடையாது, பால் தொழிலோட காலண்டரே அப்படித்தான் போட்டு வச்சிருக்கு.

சட்டம் எங்க கோடு போட்டுச்சு

ஐரோப்பிய ஒன்றியத்தோட 2005-ம் வருஷத்து விலங்குப் போக்குவரத்து விதிப்படி, செனைக்காலத்துல 90 சதவீதம் தாண்டுன மாட்ட வண்டியில ஏத்தக்கூடாது. 280-ல 90 சதவீதம்னா 252 நாள். நம்ம மாடு 210. அதனால ஐரோப்பிய விதிய மட்டும் வச்சுப் பாத்தா லாரியும் தப்பில்ல, அறுப்பும் தப்பில்ல. உலக விலங்கு சுகாதார அமைப்போட வழிகாட்டுதலும் கடைசி 10 சதவீதத்தத்தான் பிடிச்சுது. 187-க்கும் 252-க்கும் நடுவுல ரெண்டு மாசத்துக்கு மேல ஒரு பெரிய ஓட்டை, அந்த ஓட்டைக்குள்ள விழுந்த மாடுகதான் ஜெர்மனியில விவகாரமாச்சு.

2010-க்கு அப்புறம் அங்க கால்நடை மருத்துவர்களே பேச ஆரம்பிச்சாங்க, வருஷத்துக்கு 1,80,000 செனை மாடுக வரைக்கும் அறுபடலாம்னு ஒரு மதிப்பீடு பத்திரிகைகள்ல சுத்துச்சு. அது எவ்வளவு துல்லியம்னு அப்பவே சண்டை. 2017 மே மாசம் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு விரிவான அறிவியல் கருத்து வெளியிட்டுச்சு. வல்லுநர்கள்கிட்ட கேட்டு அவங்க போட்ட கணக்குப்படி, அறுக்கப்படுற கறவை மாடுகள்ல 16 சதவீதம் ஏதோ ஒரு கட்டத்துல செனையா இருக்கு, கடைசி மூணுல ஒரு பங்குல இருக்குறது 3 சதவீதம். கறிக்கு வளக்குற மாடுகள்ல அது 1.5, பன்னியில 0.5, செம்மறியில 0.8, வெள்ளாட்டுல 0.2. சதவீதமா கேட்டா சின்னதாத்தான் தெரியும். நூறு கறவை மாட்டுக்கு மூணுன்னா, ஒரு நாளைக்கு சில நூறு மாடு ஓடுற லைன்ல குடல் மேசையில நிக்கிற ஆளுக்கு தினம் தினம் வர்ற விஷயம் அது.

அதே மே மாசம் ஜெர்மன் நாடாளுமன்றம் சட்டத்த நிறைவேத்திருச்சு, செப்டம்பர்ல அமலுக்கு வந்துச்சு. தீவனம், ரோமத்துக்கு வளக்குற விலங்குப் பண்ணைன்னு சம்பந்தமில்லாத நாலு விஷயத்தோட சேத்து ஒரே மூட்டையில கட்டித்தான் இதுவும் போச்சு, சட்டம் எல்லா ஊர்லயும் இப்படித்தான் போல. அதுல இருக்குற வாக்கியம் ரொம்ப முக்கியம்: கடைசி மூணுல ஒரு பங்கு செனையில இருக்குற பாலூட்டிய அறுப்புக்குன்னு *குடுக்கக்கூடாது*. அறுக்கக்கூடாதுன்னு இல்ல, குடுக்கக்கூடாதுன்னு. அதாவது பொறுப்பு கத்தி வச்சிருக்கறவன் மேல இல்ல, மாட்ட வித்தவர் மேல. நோய்த்தடுப்புக்காக கொல்லச் சொன்னாலோ, மாட்டோட நலனுக்காக டாக்டர் எழுதிக் குடுத்தாலோ விலக்கு உண்டு. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் மொத்தமாவே விலக்கு. அத பத்தி கடைசியில பேசுறேன்.

லைன்ல என்ன நடக்குது

இத மெதுவாத்தான் சொல்லணும், கஷ்டமா இருக்குறவங்க அடுத்த பகுதிக்குத் தாவிக்கலாம்.

மாட்ட நெத்தியில போல்ட் துப்பாக்கியால அடிச்சு மயக்குறாங்க. அந்த அடி தாயோட மூளைக்கு மட்டும்தான், உள்ள இருக்குற கன்னுக்கு அது தெரியாது. அப்புறம் கழுத்து அறுபடுது, ரத்தம் வடியுது, தாய் செத்துருது. கன்னு அந்த நிமிஷமே சாகாது. நச்சுக்கொடி வழியா வர்ற ஆக்சிஜன் நின்னு, அதோட இதயம் நிக்கிறதுக்கு நிறைய நிமிஷம் ஆகலாம். கரு எப்பவுமே கம்மி ஆக்சிஜன்ல வாழப் பழகினது, அதனால அது சீக்கிரம் அணையாது. வயித்த கிழிச்சு குடலோட கருப்பையும் சரிஞ்சு மேசையில விழுறப்ப, அந்தப் பை சில சமயம் உள்ளருந்து அசையும். மெஷின் மாதிரி வேல பாக்குற ஆளுகளுக்கும் கை ஒரு நொடி நின்னு போற இடம் அதுதான்னு நினைக்கிறேன்.

உலக விலங்கு சுகாதார அமைப்போட வழிகாட்டுதல்ல இதுக்கு ஒரு வரி இருந்துச்சு: கழுத்து அறுத்து அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி கருவ கருப்பையில இருந்து எடுக்கக்கூடாது, முழுசா வளந்த கரு உயிரோட வெளிய வந்துட்டா அது நுரையீரல ஊதி காத்து இழுக்காம தடுக்கணும், மூச்சுக்குழாய கிளிப் போட்டு அடைக்கலாம். முதல் தடவ படிச்சப்ப இத விட கொடூரமா ஒரு வாக்கியம் இருக்க முடியாதுன்னு தோணுச்சு. காரணம் தெரிஞ்சதும் அப்படியே தலைகீழாயிருச்சு.

அந்தக் காரணத்த விளக்குனவர்ல முக்கியமானவர் நியூசிலாந்து விலங்கு நல விஞ்ஞானி டேவிட் மெல்லர். அவரோட வாதம் இதுதான்: கருப்பைக்குள்ள கரு ஒரு வகையான தூக்கத்துலதான் இருக்கு. ஆக்சிஜன் கம்மி, அடினோசின்னு ஒரு ரசாயனம் அதிகம், நச்சுக்கொடி சுரக்குற ஹார்மோன்கள் மூளைய அமுக்கி வைக்குது, சுத்தி வெதுவெதுன்னு தண்ணி. கண்ணத் திறந்தாலும் காலை உதைச்சாலும் அது விழிச்சிருக்குன்னு அர்த்தம் இல்ல. ஆனா ஒரு தடவ காத்த இழுத்துட்டா ரத்தத்துல ஆக்சிஜன் ஏறும், அடினோசின் இறங்கும், மூளை முழிச்சுக்க ஆரம்பிக்கும். அப்ப அதுக்கு வலிக்கலாம். அந்த கிளிப் அதோட மூச்ச நிறுத்துறதுக்கு இல்ல, முழிச்சுக்கிட்டு சாகுறத நிறுத்துறதுக்கு.

இது எல்லாரும் ஒத்துக்கிட்ட முடிவான்னா, இல்ல. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அத ரெண்டா பிரிச்சு சொல்லுச்சு. கடைசி மூணுல ஒரு பங்குல இருக்குற கருவுக்கு வேதனைய உணர்றதுக்குத் தேவையான உடம்பு அமைப்பும் நரம்பு அமைப்பும் இருக்குறதுக்கு 90-ல இருந்து 100 சதவீதம் வாய்ப்பு. அமைப்பு இருந்தாலும் மூளை அமுங்கிக் கிடக்குறதால நினைவோட உணராதுங்கறதுக்கு 66-ல இருந்து 99. உணரும்ங்கறதுக்கு 1-ல இருந்து 33. இந்தக் கடைசி நம்பர வச்சுக்கிட்டு ரெண்டு கட்சியும் ஆடுது. ஒரு கட்சி "பாத்தியா, ஒரு சதவீதம்தான்"ங்குது. இன்னொண்ணு "மூணுல ஒண்ணு"ங்குது. ரெண்டும் ஒரே வரியில இருந்து எடுத்ததுதான்.

என் கருத்து என்னன்னா, நெறிமுறைன்னு பேச ஆரம்பிச்சாலே எல்லாரும் கருவுக்கு வலிக்குமாங்கற ஒரே கேள்வியில போய் முட்டிக்கிட்டு நிக்கிறோம், லாரியில நிக்கிற தாய மறந்துடறோம். 210 நாள் செனையில, நொண்டிக் காலோட, அசையிற தரையில, மத்த மாடுகளோட இடிபட்டு மணிக்கணக்கா நிக்கிறதுக்கு எந்த நரம்பியல் ஆராய்ச்சியும் தேவையில்ல, அது வலிக்கும். கருவுக்கு வலியே இல்லன்னு நாளைக்கே யாராச்சும் நிரூபிச்சாக்கூட அந்த லாரி நியாயம் ஆயிடாது.

ரெண்டு லிஸ்ட்

அப்ப யார் தப்பு? காரணங்கள அடுக்குனா இப்படி வரும்: செனைன்னே தெரியாம அனுப்புறது, காளை மந்தையிலயே திரியிறதால எப்ப செனை பிடிச்சுதுன்னு தேதி இல்லாம போறது, செனைப் பரிசோதனை தப்பா போறது, தெரிஞ்சே பணக் கஷ்டத்துக்கு விக்கிறது, நோய் வந்து மொத்த மந்தையையும் கழிக்கிறது. ஆனா நம்ம மாடு இதுல எதுலயும் சேராது. அது செனைன்னு 125-வது நாளே டிக் போட்டாச்சு. அந்த டிக் இருக்குறது சினைப்பிடிப்பு லிஸ்ட்ல. கழிக்கிற முடிவு எடுக்குறது பால் லிஸ்ட்டயும் நோய் லிஸ்ட்டயும் பாத்து. ரெண்டு லிஸ்ட்டும் ஒரே கம்ப்யூட்டர்ல இருக்கலாம், ஒரே ஆளோட மண்டையில கூட இருக்கலாம், ஆனா லாரிக்காரன் போன் பண்ணி "இன்னும் ரெண்டு மாட்டுக்கு இடம் இருக்கு"ங்கறப்ப அது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிறதில்ல.

அதனாலதான் அறுப்புக்கூடத்துல போய் தடுக்குறதுல எனக்கு பெரிய நம்பிக்கை இல்ல. இந்தியாவோட 2001-ம் வருஷத்து அறுப்புக்கூட விதிகள பாருங்க, ஜெர்மனிய விட கண்டிப்பு: செனையா இருக்குற எந்த விலங்கையும், எந்த மாசமா இருந்தாலும், அறுக்கக்கூடாது. மூணு மாசத்துக்குக் கீழ குட்டி இருக்குற தாயையும் கூடாது. ஒரு டாக்டர் மணிக்கு 12 விலங்கு, நாளைக்கு 96-க்கு மேல பரிசோதிக்கக் கூடாதுன்னும் இருக்கு. ஒண்ணுக்கு அஞ்சு நிமிஷம். இத எழுதினவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு. ஆனாலும் விலங்கு அந்த வாசலுக்கு வந்து நின்னாச்சு, விக்கிறவர் காசு வாங்கியாச்சு, லாரி திரும்பிப் போயாச்சு. "இது செனை"ன்னு டாக்டர் சொன்னா அப்புறம் அது எங்க போகும்? இன்னொரு லாரி, இன்னொரு பயணம். தடுக்க வேண்டிய கஷ்டத்துல பாதி அதுக்குள்ள நடந்து முடிஞ்சிருக்கும்.

ஜெர்மன் சட்டம் விக்கிறவர பிடிச்சது அந்த வகையில சரியான இடம். ஆனா தப்பு நடந்ததுக்கு சாட்சி அறுத்ததுக்கு அப்புறம் மேசை மேலதான் கிடைக்குது. அங்க டேப் வச்சு அளக்குறாங்க, உச்சந்தலையில இருந்து வால் அடி வரைக்கும். மாட்டுக் கருவுக்கு பழைய கைக்கணக்கு ஒண்ணு உண்டு: மாசத்த, அதோட ரெண்டு கூட்டுன எண்ணால பெருக்கினா சென்டிமீட்டர் வரும். ஆறு மாசம்னா ஆறெட்டு 48, ஏழு மாசம்னா ஏழொன்பது 63. உடம்பு முழுக்க முடி வந்திருக்கா, கண்ணிமை, மூக்கு ஓரம் மட்டும்தானான்னும் பாப்பாங்க. நம்ம மாட்டோட கன்னு 63 சென்டிமீட்டர் பக்கம் இருக்கும், அது சந்தேகமில்லாத கேஸ். ஆனா 185 நாளா 190 நாளான்னு வந்தா? இனத்துக்கு இனம், மாட்டுக்கு மாடு மாறும். ஊசி போட்ட தேதி இருந்தா சண்டை இல்ல, காளை விட்ட மந்தைன்னா வக்கீல்தான்.

மிச்சம் மீதி கணக்கு

நிலைத்தன்மைன்னு வர்றப்ப "ஒரு கன்னு வீணாப் போச்சு"ன்னு சொல்றது சுலபம். எல்லா இடத்துலயும் அது உண்மை இல்ல. பால் பண்ணையில பிறக்குற காளைக்கன்னுக நிறைய யாருக்கும் வேண்டாத உபரியாத்தான் இருக்கு, அது பிறக்காம போனதால தீவனமோ மீத்தேனோ குறைஞ்சுதுன்னு ஒருத்தர் கணக்கு காட்டலாம், அந்தக் கணக்குல தப்பும் கண்டுபிடிக்க முடியாது. உண்மையான வீண் அந்தத் தாய்தான். பிறந்ததுல இருந்து முதல் ஈத்துக்கு சுமார் ரெண்டு வருஷம் தீவனம் போட்டு வளத்து, மூணு ஈத்துலயே மடியும் காலும் போயி கழிச்சு விட்டா, அந்த ரெண்டு வருஷச் செலவ கொஞ்ச லிட்டர் பால் மேலதான் ஏத்தணும். மாடு ஏழெட்டு ஈத்து நின்னா கழிக்கிற எண்ணிக்கையே குறையும், செனையோட போறதும் தானா குறையும். காலையும் மடியையும் பாத்துக்கிட்டாலே இந்தச் சட்டத்துக்கு வேலை பாதியாயிரும்.

வறட்சியில மந்தைய வச்சுப் பொழைக்கிறவங்க கதை வேற. நைஜீரியா, எத்தியோப்பியா, தான்சானியான்னு ஆப்பிரிக்க அறுப்புக்கூடங்கள்ல இத பத்தி பல ஆய்வுக வந்திருக்கு. மேய்ச்சல் காஞ்சு போச்சுன்னா கையில இருக்குறத விக்கணும், பெட்டை மாட்டையும் விக்கணும், செனையா இருந்தா எடையும் கூட, பாக்கவும் உருண்டு திரண்டு இருக்கும், அதனால நல்லாவே விலை போகும். அங்க போறது உபரிக் கன்னு இல்ல, அடுத்த மழைக்கு மந்தைய திரும்பக் கட்டுறதுக்கு இருந்த விதை. அந்தக் குடும்பத்துக்கிட்ட போய் தடைச்சட்டத்த நீட்டி என்ன பிரயோஜனம், மழை பொய்க்கிறப்ப தீவனம் குடுக்க முடிஞ்சாத்தான் அந்தப் பெட்டை மிஞ்சும்.

அப்புறம் யாரும் பேசாத ஒரு கணக்கு இருக்கு. கன்னுக் கருவோட ரத்தத்துல இருந்து எடுக்குற சீரம், ஆய்வுக்கூடத்துல செல் வளக்குறதுக்கும் சில தடுப்பூசி தயாரிப்புக்கும் ரொம்ப நாளா அடிப்படை. 2002-ல வந்த ஒரு மதிப்பீட்டுப்படி உலகத்துல வருஷத்துக்கு 5 லட்சம் லிட்டர், அதுக்கு 10 லட்சத்துக்கு மேல கரு. அறுப்புக்கூடத்துல கிடைக்கிற உபபொருள்தான், இதுக்காக யாரும் மாட்ட செனையாக்கி அறுக்கல. ஆனா மேசையில கிடக்குற பைக்கு ஒரு விலை இருக்குன்னா அது வராம பாத்துக்கணும்ங்கற அவசரம் யாருக்கும் வராது. வேடிக்கை என்னன்னா, 2013-ல லண்டன்ல மேடையில சுட்டுக் காட்டுன முதல் ஆய்வகக் கறி பர்கர், உயிரக் கொல்லாத கறின்னு பேர் வாங்குனது, அதுவும் இந்த சீரத்துலதான் வளந்துச்சு. பின்னாடி அந்தக் குழு அது இல்லாமலே வளக்க வழி கண்டுபிடிச்சாங்க.

சட்டத்தால வர்ற பக்கவிளைவையும் சொல்லணும். நம்ம மாடு ஜெர்மனியில இருந்தா 290-வது நாள் லாரி ஏற முடியாது. கன்னு போட இன்னும் 70 நாள். நொண்டிக்கிட்டே 70 நாள் நிக்கணும், இல்லன்னா டாக்டர் எழுதிக் குடுக்கணும், இல்லன்னா தொழுவத்துலயே மருந்து போட்டு முடிக்கணும், அப்படி முடிச்சா கறியும் வீண், கன்னும் தாயோடயே போயிரும். சட்டம் காப்பாத்துனது அந்தக் கன்னையான்னு கேட்டா, அந்த மாட்டோட கேஸ்ல இல்ல. அடுத்த மாட்டோட கேஸ்ல வேணா ஆகலாம், பண்ணைக்காரருக்கு ஒரு தடவ இந்த 70 நாள் கை கடிச்சிருச்சுன்னா அடுத்த தடவ ஊசி போடுறதுக்கு முன்னாடி யோசிப்பாரு.

ஏன்னா முடிவெடுக்க வேண்டிய நாள் 290 இல்ல, 80. போன ஈத்துலயே மடிநோயும் கால் பிரச்சினையும் இருந்த மாடா இது, இதுக்கு திரும்ப ஊசி போடணுமா, இல்ல கறக்குற வரைக்கும் கறந்துட்டு செனையில்லாம அனுப்பலாமான்னு கேக்க வேண்டிய நாள் அது. நல்லா நடத்துற பண்ணைகள்ல இத செய்றாங்க, "இதுக்கு இனி ஊசி வேணாம்"னு மாட்டோட நம்பருக்குப் பக்கத்துல ஒரு குறி போட்டுருவாங்க, அவ்வளவுதான். அதுக்கு அடுத்தது, லாரிக்கு நம்பர் குடுக்கும்போது கடைசியா எப்ப ஊசி போட்டதுங்கற தேதி அதே ஷீட்ல இருக்கணும். செனை 187 நாள நெருங்குனா சிவப்பா தெரியணும். இதுக்கு ஸ்கேன் மெஷின் கூட வேணாம்.

ஆட்டுக்கு வர்றேன். செம்மறிக்கு செனைக்காலம் அஞ்சு மாசத்துக்குள்ள, கடைசி மூணுல ஒரு பங்குன்னா நூறாவது நாள்ல இருந்து. கருவோட மூளை, நரம்பு, அடினோசின் எல்லாம் மாட்டுக்கு சொன்ன அதே கதைதான், சொல்லப்போனா இந்த ஆராய்ச்சியில பெரும்பகுதி செம்மறிக் கரு மேலதான் நடந்துச்சு. அப்படியும் ஜெர்மன் சட்டம் ஆட்ட விட்டுருச்சு, ஏன்னா கிடா மந்தையோடயே மேயுது, எந்த ஆடு எந்த நாள் செனை பிடிச்சுதுன்னு யாருக்கும் தெரியாது, ஒவ்வொண்ணையும் ஸ்கேன் பண்ணா ஆட்டோட விலைக்குக் கட்டாது. எந்த மூளைய வச்சு கருவோட தூக்கத்த கண்டுபிடிச்சாங்களோ அந்த ஆட்டுக்கு ரெஜிஸ்டர்ல ஒரு வரி கூட இல்ல, சிவப்புல காட்டுறதுக்கு.